சேற்றுத்துவரி ஏன் சிறகை விரிப்பதில்லை

பூச்சிக்கும் புல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், வடக்கே, இமயத்தையும் தாண்டி வெகுதூரம் போனால் ஒரு குளிர்நாடு இருந்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நமக்குச் சரி. அந்த நாட்டில் தை பிறந்தால் மூக்குதான் உறையும். மாசி, பங்குனி, சித்திரை என்று வரிசையாகப் பனி கொட்டித் தீர்த்த பிறகு, வைகாசியில் சூரியன் வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்க்கும். ஆனியும் ஆடியும்தான் அவர்களுக்குக் கோடை. அந்த இரண்டு மாதத்துக்குள் பறந்து, தேன் குடித்து, முட்டையிட்டு, வாழ்ந்து முடித்துவிட வேண்டும். சோம்பேறிகளுக்கு ஏற்ற ஊர் இல்லை அது.

அங்கே மேட்டில் ஒரு புல்வெளி, பள்ளத்தில் ஒரு சதுப்பு. சதுப்பென்றால் கறுத்த சேறும் ஊறிய பாசியும். கால் வைத்தால் நிலமே உள்ளே அமுங்கும். அதன் நடுவில் திட்டுத் திட்டாகப் பஞ்சுப்புல் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு தாளின் நுனியிலும் வெள்ளையாக ஒரு பஞ்சு உருண்டை இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பனி இன்னும் உருகவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு இடத்திலும் பட்டாம்பூச்சிகள் இருந்தன. மேட்டில் இருந்தவர்களுக்கு மேட்டுக்காரர்கள் என்று பெயர், பள்ளத்தில் இருந்தவர்களுக்குச் சேற்றுக்காரர்கள் என்று பெயர். சிறகை மூடி உட்கார்ந்தால் இருவரும் ஒரே பழுப்பு. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. விரித்தால்தான் தெரியும். மேட்டுக்காரர்களின் மேல்சிறகு ஊதிவிட்ட தணல் மாதிரி சிவந்து மினுங்கும். சேற்றுக்காரர்களின் மேல்சிறகு பழைய சாக்கின் நிறம். அதற்காக அவர்கள் வருத்தப்பட்டதில்லை. அழகைத் தின்று யாருக்கு வயிறு நிறைந்தது?

இரண்டு கூட்டமும் ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தன. இந்தக் கதைக்கு இரண்டு கோடைக்கு முன்னால்தான் பகை வந்தது. அந்த ஆண்டு மேட்டுக்கு முதன்முதலாக மனிதர்கள் வந்தார்கள். நீளமான அரிவாள்களை வீசி வீசி, மாட்டுக்குத் தீவனம் வேண்டுமென்று புல்வெளி முழுவதையும் மொட்டையடித்துவிட்டார்கள். மேட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பள்ளத்துக்கு இறங்கி வந்தார்கள். சேற்றுக்காரர்கள் பாவம் என்று இடம் கொடுத்தார்கள். வந்தவர்கள் பஞ்சுப்புல்லில் முட்டையிட்டார்கள். முட்டையெல்லாம் புழுவாகி, புல்லை அடிவரைக்கும் மென்றுவிட்டன. சேற்றுக்காரர்களின் புழுக்கள் பிறந்தபோது தின்ன ஒன்றும் மிச்சமில்லை. அந்த இலையுதிர்காலத்தில் பசியால் செத்த குஞ்சுப்புழுக்கள் எத்தனையோ. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பள்ளம் முழுவதும் வயிறெரிந்தது. மேட்டுக்காரர்களும் வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. இனிமேல் சேற்றில் பிறந்த ஒவ்வொருத்திக்கும் சிறகில் அடையாளம் வைப்பது. அடையாளம் இல்லாதவளை அழுகண்ணியிடம் கொடுத்துவிடுவது.

அழுகண்ணி என்பவள் பஞ்சுப்புல்லின் காலடியில் வளரும் ஒரு செடி. விரல்நகம் அளவு இலைகள், இலை முழுவதும் செம்மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு பசைத்துளி. பார்த்தால் எப்போதும் அழுதுகொண்டிருப்பது போலவே இருக்கும். அந்தத் துளியில் கால் பட்டவள் மீண்டதில்லை. இலை மெல்லச் சுருண்டு மூடிக்கொள்ளும். அவளையும் குறை சொல்லக்கூடாது. அந்தச் சேற்றில் வேர் விட்டு உறிஞ்சினால் வெறும் தண்ணீர்தான் வரும். அவளுக்கும் வயிறு இருக்கிறதே. கீழேயிருந்து மேல்சிறகு தெரியாததால், மேட்டுக்காரி என்று நினைத்து ஒருமுறை சேற்றுக்காரி ஒருத்தியைத் தின்றுவிட்டாள். அந்தப் பாவத்துக்குப் பயந்துதான், "எனக்கு அடையாளம் காட்டிக் கொடுங்க, அப்பத்தான் வாயைத் திறப்பேன்" என்று ஊரிடம் கேட்டவளே அவள்தான்.

அடையாளம் வைக்கும் பொறுப்பு ஒரு நீர்வண்டுக்குக் கிடைத்தது. எல்லாரும் அவரை மைக்காரர் என்றார்கள். குளத்தடியில் இருக்கும் கரிச்சேற்றைக் குழைத்துக் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி மகரந்தத்தில் ஒரு மஞ்சள் வளையம், நடுவில் பஞ்சுப்புல்லின் வெள்ளையில் ஒரு துளி. பார்த்தால் விழித்துப் பார்க்கும் கண் மாதிரியே இருக்கும். மூடிய சிறகின் வெளிப்புறத்தில், பக்கத்துக்கு ஆறு. கூட்டை உடைத்து வெளியே வந்ததும் பட்டாம்பூச்சியின் சிறகு நனைந்த அப்பளம் மாதிரி தொங்கும். அது காய்ந்து விறைக்க ஒரு நாழிகை ஆகும். அந்த ஒரு நாழிகைக்குள் வைத்த பொட்டுதான் சிறகில் ஊறிப் பிடிக்கும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஒட்டாது.

கோடை தொடங்கும் நேரம். ஒரு பெரிய பஞ்சுப்புல் திட்டில் முப்பது கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒரு கூட்டுக்குள் இருந்தவள்தான் துவரி.

துவரிக்குத் தாயின் முகம் தெரியாது. அந்தக் குலத்தில் யாருக்கும் தெரியாது. முட்டை பொரிவதற்குள் தாய் போய்விடுவாள். ஆனால் முட்டையிட்டதும் அதன்மேல் வாயை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். துவரியின் தாய் பெயரைத் தவிரச் சொன்னது ஒன்றுதான். "என் கூடப் பிறந்தவங்க முப்பது பேரு. மேட்டுக்காரங்க தின்ன மிச்சத்துல நான் ஒருத்திதான் பிழைச்சேன். மறந்துடாதே." துவரி மறக்கவில்லை.

கூட்டுக்குள் இருப்பது சலிப்பான வேலை. கையில்லை, காலில்லை, திரும்பிப் படுக்கவும் முடியாது. வாய் மட்டும்தான் துணை. துவரியின் கூட்டை ஒட்டியே இன்னொரு கூடு தொங்கியது. ஒருநாள் துவரி மெல்லக் குரல் கொடுத்துப் பார்த்தாள்.

"யாரு பக்கத்துல?"

"நான்தான்."

"நான்னா யாரு? பேரு இல்லையா?"

"இன்னும் வைக்கல," என்றது அந்தக் குரல்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, பேச்சுக்குக் குறைவில்லை. மழை பெய்தால் அது எந்த மேகத்தின் மழை என்று சொல்வாள். மைக்காரர் சேற்றில் சளப் சளப்பென்று நடந்து வருவதை வாயாலேயே செய்து காட்டுவாள். முயலின் காதில் ஏறி ஊர்வலம் போன நத்தையின் கதை என்று ஒன்று வைத்திருந்தாள். அதை ஒன்பது நாள் இழுத்தாள். மேல்தாளில் தொங்கிய கூட்டுக்குள் கோரைச்சி என்று ஒருத்தி. அவளுக்கு எதற்கெடுத்தாலும் கோபம்.

"வாய மூடுங்கடி ரெண்டு பேரும். மனுஷி தூங்க வேணாமா?" என்று கத்துவாள்.

இவர்கள் வாயை மூடினால், கொஞ்ச நேரம் பொறுத்து மேலேயிருந்து மறுபடி குரல் வரும். "சரி, அந்த நத்தைக்கு அப்புறம் என்னதான் ஆச்சு?"

கடைசியில் கூட்டின் ஓடு மெலிந்து, உள்ளே இருக்கும் சிறகின் நிறம் நிழலாகத் தெரியத் தொடங்கியது. மறுநாள் காலை வெளியே வந்துவிடலாம். திட்டு முழுவதும் ஒரே குதூகலம். பக்கத்துக் கூடு மட்டும் பேசாமல் இருந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள் துவரி.

"துவரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குப் பேரு இருக்கு."

"இவ்வளவு நாளா சொல்லாம என்ன பெரிய ரகசியம்? சொல்லு."

"தணலி."

பஞ்சும் காய்ந்த பாசியும் நிறைந்த ஊரில் எந்தத் தாயாவது பிள்ளைக்கு நெருப்பின் பெயரை வைப்பாளா? மேட்டில்தான் வைப்பார்கள்.

"போன வருஷம் அரிவாள் வந்தப்ப நான் சின்னப் புழு," என்று தணலி சொன்னாள். "புல்லோட சேர்ந்து ஓடையில விழுந்துட்டேன். தண்ணி எங்கேயோ இழுத்துட்டு வந்துச்சு. கண்ணு முழிச்சா இந்தத் திட்டு. எங்க கூட்டத்துல வேற யாரும் தப்பிச்சாங்களான்னு கூடத் தெரியாது."

"உங்க கூட்டம்," என்றாள் துவரி. "எங்க அம்மா கூடப் பிறந்தவங்க முப்பது பேரு. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அந்தக் கதையை நீயே சொல்லியிருக்கே."

"கேட்டுக்கிட்டு பேசாம இருந்தியே."

"என்ன சொல்லச் சொல்றே துவரி? பசிச்ச புழு தின்னுச்சு. நானும் அப்படித்தானே தின்னேன்."

மேலேயிருந்து கோரைச்சி, "என்னடி, இன்னைக்குக் கதை கிடையாதா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

பொழுது விடிந்தது. கூடுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. முதலில் கோரைச்சி வெளியே வந்தாள். வந்ததுமே குளிரைத் திட்டினாள். விடியும் முன்பே வந்து காத்திருந்த மைக்காரர், மேல்தாளில் இருந்தவர்கள் வெளியே வர வர எல்லாருக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தார். அடித்தாளில் துவரியும் தணலியும் கடைசியாக வெளியே வந்தார்கள். ஈரச் சிறகோடு அருகருகே தொங்கிக்கொண்டு, முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே பழுப்பு, ஒரே உயரம்.

"நீ எந்தப் புல்லு?" என்று துவரியிடம் கேட்டார் மைக்காரர்.

"இதே புல்லு மாமா."

பொட்டு வைக்குமுன் புல்லைச் சாட்சி கேட்பது முறை. மைக்காரர் தாளைத் தட்டினார். பஞ்சு உருண்டை ஆமாம் என்று ஒருமுறை தலையசைத்தது. புல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உடனே மைக்காரர் வேலையைத் தொடங்கினார். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கரிச்சேறு சிறகில் பட்டபோது சில்லென்று இருந்தது.

தணலியின் பக்கம் திரும்பியபோது அவர் கையில் இருந்த சேறு தீர்ந்திருந்தது.

"போய்க் குழைச்சு எடுத்துட்டு வரேன். நீ எந்தப் புல்லுன்னு யோசிச்சு வை," என்று தணலியிடம் சொன்னார். துவரியிடம் விரலை ஆட்டினார். "நீ ஆடாம அசையாம இரு. மை காயுற வரைக்கும் யார் மேலேயும் பட்டுடாதே." சளப் சளப்பென்று குளத்தை நோக்கிப் போனார்.

கீழே அழுகண்ணியின் இலைகள் வெயிலுக்கு முன்பே மினுங்கிக்கொண்டிருந்தன. தணலி ஒருமுறை கீழே பார்த்தாள்.

"துவரி, எனக்கு ரொம்ப பயமா இருக்கு. அவர் திரும்பி வந்து புல்லைக் கேட்கறப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. நீ பார்க்க வேணாம்."

முகம் தெரியாத முப்பது பேருக்காகத் துவரி அழுதிருக்கிறாள். ஆனால் இவளுடைய குரல் அவளுக்குத் தெரிந்த குரல். இருட்டான கூட்டுக்குள் இருபது நாளும் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணமே இந்தக் குரல்தான். தாய் மறக்காதே என்றாள். இவளைக் கொல்லச் சொல்லவில்லையே என்று துவரி நினைத்தாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, மை காய்ந்துகொண்டிருந்தது.

"கிட்ட வா," என்றாள்.

"எதுக்கு?"

"கேள்வி கேட்காம கிட்ட வாடி!"

தன் ஈரச் சிறகைத் தணலியின் ஈரச் சிறகோடு சேர்த்து அழுத்தினாள். அழுத்தியபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி மறுபக்கத்தையும் அழுத்தினாள். பிரிந்து பார்த்தபோது தணலியின் சிறகில் பக்கத்துக்கு மூன்று கண்கள் விழித்துக்கொண்டிருந்தன. துவரியின் சிறகிலும் பக்கத்துக்கு மூன்று நன்றாக இருந்தன. மற்ற மூன்றும் கலைந்து மறைந்துவிட்டன.

மைக்காரர் கை நிறையச் சேற்றோடு வந்து நின்றார். இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உனக்கு நான் எப்ப வச்சேன்?" என்று தணலியைக் கேட்டார்.

"இப்பதானே மாமா வச்சீங்க," என்று துவரி முந்திக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் வச்சுட்டு, சேறு பத்தலைன்னு போனீங்களே."

மைக்காரருக்கு ஒரு நிமிடம் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. விடிகாலையிலிருந்து இருபத்தொன்பது பேருக்குப் பொட்டு வைத்த களைப்பு வேறு. ஆனாலும் கெட்டிக்காரர், சுதாரித்துக்கொண்டார்.

"நான் மூணு வைக்கிற ஆளில்லையே! ஆறு வைப்பேன். யாரு வாசல்ல கோலம் கலைஞ்ச மாதிரி இருக்கு இது? அழுகண்ணி, நீ கீழேயிருந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தே. இதுல யாரு மேட்டுக்காரி?"

"எனக்கு எல்லாரும் வயித்துப் பக்கம்தான் தெரியுறாங்க," என்றாள் அழுகண்ணி. "நீங்க அடையாளம் சொல்லுங்க. சந்தேகம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒருத்தியைத் தின்ன பாவமே இன்னும் தீரல."

அப்போதுதான் மேலேயிருந்து கோரைச்சி கத்தினாள். "இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? சிறகை விரிக்கச் சொல்லுங்க. சாக்கா, தணலான்னு தெரிஞ்சுடப் போகுது."

மைக்காரரின் முகம் மலர்ந்தது. "விரிங்கம்மா ரெண்டு பேரும்."

"விரிக்க மாட்டேன்," என்றாள் துவரி.

"உனக்கென்ன வந்துச்சு? நீ இந்தப் புல்லுதானே, புல்லே சொல்லிச்சே."

"அந்தப் புல்லுச் சாட்சி சொன்னது எனக்கா இவளுக்கான்னு உங்களுக்கு இப்ப ஞாபகம் இருக்கா மாமா?"

மைக்காரர் திருதிருவென்று விழித்தார். புல்லைக் கேட்கலாம்தான். ஆனால் ஒரு பிறவிக்கு ஒருமுறைதான் புல் சாட்சி சொல்லும். மறுபடி தட்டினால் அசையாது. இரண்டுமே மூன்று பொட்டு, இரண்டுமே பழுப்பு. எது எது என்று அவருக்கே குழம்பிவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. அவருக்கு ஒன்று தெரியும். கூட்டை விட்டு வந்த முதல்நாள் எந்தப் பட்டாம்பூச்சியும் சிறகை விரித்து வெயில் காய்ந்தே ஆக வேண்டும். உடம்பில் சூடு ஏறினால்தான் பறக்க முடியும். பறந்து போய்ப் புதருக்குள் ஒதுங்கினால்தான் மாலையில் இறங்கும் உறைபனிக்குத் தப்ப முடியும். விரிக்காதவள் அந்தத் தாளிலேயே விறைத்துச் சாவாள்.

"சரி, விரிக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு அவர் பாசிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் சும்மா உட்கார்ந்திருக்கேன். வெயில் கேட்கும், நீங்களே விரிப்பீங்க."

வெயில் வந்தது. மேல்தாள்களில் இருந்த இருபத்தெட்டுப் பேரும் சிறகை அகல விரித்தார்கள். ஆகா, ஆகா என்று சூடு வாங்கினார்கள். அடித்தாளில் மட்டும் இரண்டு பேர், சிறகை மூடி, உச்சிவெயிலில் நிழலுக்குள் நிற்பவர்களைப் போல நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மூடிய சிறகு வெயிலுக்கு நேராக நிமிர்ந்து நின்றால் அதன்மேல் வெயில் விழாது. விளிம்பில் வழுக்கிப் போய்விடும்.

மத்தியானம் சாய்ந்தது. துவரிக்குக் கால் மரத்துப்போனது. விரித்துவிடலாம் என்று நூறு தடவை தோன்றியது. தான் விரித்தால் சாக்கு நிறம் தெரியும், தனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூடியிருக்கும் மற்றவள் யார் என்று அந்த நிமிடமே வெளிச்சமாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"துவரி, போதும்," என்றாள் தணலி. "நான் விரிச்சுடறேன். உன் சிறகும் என்னால வீணாப் போகுது. நீயாவது பறந்து போ."

"விரிச்சே, தொலைச்சுப்புடுவேன்."

"பொழுது போயிடுச்சுடி."

"போகட்டும்."

அதைச் சொல்லும்போதே துவரியின் கால் நழுவிவிட்டது. விழாமல் இரண்டு காலால் மட்டும் தாளைப் பற்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினாள். மூடிய சிறகு அப்படியே வெயிலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விலாப்புறத்தில் இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மார்பு வரைக்கும் சூடு வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தணலி, சாய்! விரிக்காதே, சும்மா சாஞ்சுக்கோ. என்னை மாதிரி."

தணலியும் சாய்ந்தாள். இரண்டு பேரும் ஒரு பக்கம் கவிழ்ந்த படகுகள் மாதிரி வெயிலில் கிடந்தார்கள். நடுக்கம் மெல்ல மெல்ல நின்றது.

மைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இது என்ன கூத்து! எங்கேயாவது பட்டாம்பூச்சி இப்படிக் கோணிக்கிட்டு வெயில் காயுமா? சேற்றுக்காரி ஒருத்தியும் இப்படிச் செய்ய மாட்டா. ரெண்டு பேருமே மேட்டுக்காரிங்கதான் போல. அழுகண்ணி, இலையை விரிச்சு வை. ரெண்டு பேரையும் தள்ளிவிட்டுடறேன்."

அவர் நிஜமாகவே தாளில் ஏறத் தொடங்கினார். துவரிக்கு உடம்பில் சூடு ஏறியிருந்ததே தவிர, பறக்கும் அளவுக்கு இன்னும் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது மேல்தாளில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. விரித்த சிறகை ஒருத்தி மூடும் சத்தம். கோரைச்சிதான். மூடியதோடு நிற்காமல், அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தும் கொண்டாள்.

"உனக்கு என்னம்மா?" என்றார் மைக்காரர்.

"வெயில் கூசுது."

"இவ்வளவு நேரம் கூசலையா?"

"இப்பதான் கூசுது. அதுக்கும் உங்ககிட்டப் புல்லுச் சாட்சி வேணுமா?" அவள் குரல் வழக்கம் போலவே சிடுசிடுப்பாக இருந்தது. ஆனால் அடித்தாளைப் பார்த்து, யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள். "நத்தைக் கதை சொன்னவளை நான் தின்னக் குடுப்பேன்னு நினைச்சியா? மேட்டுக்காரின்னா யாரோன்னு நினைச்சேன். உன் குரலைக் கேட்கற வரைக்கும் நீதான்னு தெரியாமப் போச்சுடி."

கோரைச்சியே மூடிவிட்டாள் என்றதும் பக்கத்தில் இருந்தவள் மூடினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அந்தத் திட்டு முழுவதும் பட்பட்டென்று சிறகுகள் மூடின. கதை கேட்டது கோரைச்சி ஒருத்தி மட்டுமா என்ன? அத்தனை கூடுகளும்தான் இருபது நாளும் காது கொடுத்துக் கிடந்தன. முப்பது பேரும் ஒரே பழுப்பாக, ஒரே பக்கம் சாய்ந்து, வெயிலைப் பார்த்துப் படுத்தார்கள். மெல்லச் சூடு ஏறியது. தாள் ஆடிய ஆட்டத்தில் இருவர் மூவர் ஒருவர் மேல் ஒருவர் உராய்ந்து இன்னும் சில பொட்டுகள் கலைந்தன, சில இடம் மாறின.

மைக்காரர் கீழே இறங்கி எண்ணிப் பார்த்தார். ஒருத்திக்கு ஆறு, ஒருத்திக்கு நாலு, ஒருத்திக்கு ஐந்து. கலைந்த பொட்டு யாருடையது, கலையாதது யாருடையது என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"அழுகண்ணி, நீயாவது சொல்லேன்," என்றார் கெஞ்சலாக.

அழுகண்ணி இலைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். "முப்பதும் உங்க பிள்ளைங்கதான், போங்க. எனக்குக் கொசு இருக்கு," என்றாள். அவள் இலையில் அன்று இருந்த துளிகளில் எது பசை, எது கண்ணீர் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மாலைப் பனி இறங்குவதற்குள் முப்பது பேரும் பறந்து புதருக்குள் ஒதுங்கிவிட்டார்கள். தணலி பறந்தபோது மேல்சிறகு ஒரு நொடி மினுங்கத்தான் செய்தது. பார்த்தவர்கள் மறையும் சூரியனின் சிவப்பு என்றார்கள். சூரியன் அதற்கு முன்பே மறைந்துவிட்டான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் துவரியும் தணலியும் ஒரே பூவில் தேன் குடித்தார்கள். ஒரே திட்டில் முட்டையிட்டார்கள். பஞ்சுப்புல் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஒருத்தியின் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும்? ஆடி முடியும்போது துவரி தன் முட்டைகள்மேல் வாயை வைத்தாள். தாய் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிறகு அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "பக்கத்துல தொங்குறவகிட்ட வாயைத் திறந்து பேசு. சிறகு ஈரமா இருக்கறப்பவே அவ மேல ஒருதரம் சாஞ்சுக்கோ."

மைக்காரர் மறு ஆண்டும் வந்தார், பொட்டு வைத்தார். அவர் ஆறு வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து மூன்றாக்கியிருந்தார்கள், இரண்டாக்கியிருந்தார்கள், ஒன்றுமே இல்லாமலும் ஆக்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, சேற்றைக் குளத்திலேயே கொட்டிவிட்டு அவர் வேறு வேலை தேடிக்கொண்டார். பொட்டு மட்டும் குலத்தோடு தங்கிவிட்டது. பிறகு பிறந்தவை கண்ணோடேயே பிறந்தன. தணலியின் பேத்திகளும் துவரியின் பேத்திகளும் கலந்துபோனதில், மேல்சிறகின் சாக்கு நிறத்துக்குள்ளும் ஒரு தணல் மங்கலாகக் கலந்துவிட்டது.

இன்றைக்கும் அந்த நாட்டில் கோடை வந்தால், பூதக்கண்ணாடியும் நோட்டுப் புத்தகமுமாக ஆட்கள் சேற்றில் முழங்கால் புதைய உட்கார்ந்து, துவரியின் பெயரையே பெற்ற சேற்றுத்துவரியை இனங்காணப் பார்க்கிறார்கள். ஒன்றுக்கு ஆறு கண் என்று எழுதுகிறார்கள். அடுத்ததற்கு இரண்டுதான் இருக்கிறது. அதற்கடுத்ததற்கு ஒன்றுமே இல்லை. இது ஒரு குலம் என்கிறார் ஒருவர், இல்லை இரண்டு குலம் என்கிறார் மற்றவர். மேல்சிறகைக் கொஞ்சம் காட்டாதா என்று இடுப்பு ஒடியக் காத்திருக்கிறார்கள். அது காட்டாது. வெயில் வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அன்று முதல்தான் சேற்றுத்துவரி உட்கார்ந்தால் சிறகை மூடிக்கொள்கிறது; எது மேட்டிலிருந்து வந்தவளின் வம்சம், எது சேற்றிலேயே பிறந்தவளின் வம்சம் என்று இன்றுவரை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.